கல்லூரியில் மென்திறன் பாடம் நடத்துவது எப்படி? ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

செமஸ்டர் தொடங்கும்போது ‘சாஃப்ட் ஸ்கில்ஸ், வாரம் 2 மணி நேரம்’ என்று டைம் டேபிளில் உங்கள் பெயருக்கு நேரே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பல கல்லூரிகளில் இது ஆங்கிலத் துறையில் கடைசியாகச் சேர்ந்தவருக்குத்தான் வரும், சில இடங்களில் அந்த நேரத்தில் வகுப்பு இல்லாத யாருக்கு வேண்டுமானாலும் வரும். பாடத்திட்டத்தைத் திறந்தால் தகவல் தொடர்பு, தலைமைப்பண்பு, நேர மேலாண்மை, உடல்மொழி, குழுப்பணி, நேர்காணல் என்று தலைப்புகள் வரிசையாக நிற்கும். எங்கே தொடங்குவது, வகுப்பில் என்ன செய்வது, மார்க் எப்படிப் போடுவது? தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளையும் பொறியியல் கல்லூரிகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வகுப்பில் 60 பேர், அதில் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், பலர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரி, மாலையில் அரைமணி நேரம் கூடுதலாக நிறுத்தி வைத்தால் ஊருக்குப் போகிற பஸ் போய்விடும்.

முதலில் ஒரு கணக்கு

15 வாரம், வாரத்துக்கு 2 மணி நேரம், மொத்தம் 30 மணி நேரம், அதாவது 1,800 நிமிடம். அதில் பாதி நீங்கள் பேசினால் மீதி 900. அந்த 900 நிமிடத்தில் 60 பேரும் ஒருவர் பின் ஒருவராக முன்னால் வந்து பேசினால் ஒரு மாணவிக்குக் கிடைப்பது செமஸ்டர் முழுவதற்கும் 15 நிமிடம். பள்ளியில் 12 வருடம் ‘பேசாதே, கை கட்டி உட்கார்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 15 நிமிடம் எந்த மூலைக்கு? அதே 900 நிமிடத்தை நான்கு நான்கு பேராகப் பிரித்து எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் பேசும்படி வைத்தால் ஒருவருக்கு 225 நிமிடம் கிடைக்கும். பாடத்திட்டம் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை, ஒரு ரூபாய் கூடச் செலவில்லை, பயிற்சி மட்டும் 15 மடங்கு.

கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்தக் கணக்கிலிருந்து வருபவைதான். பேசுவதும் கேட்பதும் சேர்ந்து வேலை செய்வதும் பழகப் பழக வருபவை, அதனால் உங்கள் வகுப்பை எடைபோட ஒரே கேள்வி போதும்: இன்றைக்கு ஒவ்வொரு மாணவரும் எத்தனை நிமிடம் வாய் திறந்தார்?

பாடத்திட்டங்களுக்கு நம்மிடம் பஞ்சமே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2019இல் ‘ஜீவன் கௌஷல்’ என்ற பெயரில் 8 கிரெடிட்டுக்கு வாழ்க்கைத் திறன் பாடத்திட்டம் வெளியிட்டது, அதில் தகவல் தொடர்பு, தொழில்முறைத் திறன், தலைமையும் மேலாண்மையும், மனித விழுமியங்கள் என்று நான்கு பகுதிகள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் ‘புரொஃபஷனல் கம்யூனிகேஷன்’ வாரம் 2 மணி நேர ஆய்வக வகுப்பாக, 1 கிரெடிட்டுக்கு இருந்தது. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் கல்லூரிப் படிப்போடு திறன் பாடங்களைச் சேர்த்தது. ஆய்வக வகுப்பு என்று பெயர் வைத்ததே சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன். வேதியியல் லேபில் ஆசிரியர் டைட்ரேஷன் செய்து காட்டிவிட்டு மாணவர்களை அனுப்பிவிடுவதில்லையே, பியூரெட் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

படி 1: தலைப்புகளைக் குறையுங்கள்

30 மணி நேரத்தில் 20 தலைப்பு நடத்தினால் எதுவும் ஒட்டாது. நான்கு திறன் போதும்: கவனித்துக் கேட்பது, தெளிவாகச் சொல்வது, குழுவாக வேலை முடிப்பது, கருத்து வேறுபாட்டைச் சமாளிப்பது. பல்கலைக்கழகம் கொடுத்த பாடத்திட்டத்தை மீற முடியாது என்றால் அதிலுள்ள தலைப்புகளை இந்த நான்கின் கீழ் கொண்டுவந்துவிடலாம். உடல்மொழி தனிப் பாடமாக வேண்டாம், தெளிவாகச் சொல்வதில் அது ஒரு பகுதி. நேர மேலாண்மையைக் குழு வேலையின் நடுவே கெடு நெருங்கும்போது நடத்துங்கள், அப்போது கவனிப்பார்கள்.

நான்கையும் கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களாக எழுதிக்கொள்ளுங்கள். ‘தலைமைப்பண்பு வளரும்’ என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. ‘குழுவில் பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கருத்துக் கேட்கிறார்’ என்று எழுதினால் நடந்ததா இல்லையா என்று பக்கத்தில் இருக்கிற மாணவரே சொல்லிவிடுவார். ‘வேலை குறித்த நாளில் முடியாது என்று தெரிந்தவுடன், கெடு முடியும் முன்பே சொல்கிறார்’ என்பது இன்னொன்று. வேலைக்குப் போகிற இடத்தில் நம் பிள்ளைகள் அதிகம் திட்டு வாங்குவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். வேலை முடியாததை விட முடியாது என்று சொல்லாமல் இருந்ததற்குத்தான் கோபப்படுகிறார்கள்.

இந்தப் பட்டியலைத் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். படித்து முடித்து இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த உங்கள் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேருக்குப் போன் செய்து, ‘முதல் ஆறு மாதத்தில் எந்த இடத்தில் திணறினாய்?’ என்று கேளுங்கள். மீட்டிங்கில் புரியவில்லை என்று சொல்லத் தயக்கம், வாடிக்கையாளர் போனில் கத்தும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றது, மேலதிகாரிக்கு மெயில் எழுத அரைமணி நேரம் ஆனது என்று சொல்வார்கள். இவை எல்லாம் நேரடியாக வகுப்புப் பயிற்சிகளாக மாறும்.

படி 2: நேரத்தையும் இடத்தையும் கேட்டு வாங்குங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இங்கே விட்டுவிட்டால் பிறகு எதுவும் நடக்காது. இரண்டு தனித்தனி மணி நேரத்தை விட 2 மணி நேரம் சேர்ந்தாற்போல் இருப்பது நல்லது, குழு பிரிந்து உட்காரவே ஐந்து நிமிடம் போய்விடும். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு மணி நேரத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். 60 பேரை 30, 30 ஆகப் பிரிக்க முடியுமா என்று லேப் பாட்ச்சைக் காட்டிக் கேளுங்கள், பாதி வகுப்பு லேபுக்குப் போகும்போது மீதிப் பாதி உங்களிடம் வரலாம். பெஞ்சு தரையோடு திருகி வைத்த வகுப்பறை என்றால் முன்வரிசையைப் பின்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாலே நான்கு பேர் குழு ஆகிவிடும், மரத்தடியும் நல்ல வகுப்பறைதான்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தை முடிவு செய்யும் போர்ட் ஆஃப் ஸ்டடீஸில் வைத்து முழு மார்க்கும் இன்டர்னலாக இருக்கும்படி கேளுங்கள். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை மட்டும் நடத்துகிற கல்லூரி என்றால் பாடத்திட்டத்துக்கு வெளியே கூடுதலாக நடத்தும் 30 மணி நேர வேல்யூ ஆடட் கோர்ஸாகத் தொடங்கலாம், கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் (NAAC) மதிப்பீட்டுக்கு அது கணக்கில் வரும் என்பதால் நிர்வாகமும் சுலபமாகச் சம்மதிக்கும்.

ஆடிட்டோரியத்தில் 300 பேரை உட்கார வைத்து இரண்டு நாள் ஊக்கப் பேச்சு நடத்துவதை மென்திறன் பாடம் என்று கணக்குக் காட்டுவதை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். கேட்கும்போது உற்சாகமாக இருக்கும், ஆனால் அந்த இரண்டு நாளில் பேசியவர் ஒருவர்தான்.

படி 3: முதல் வாரம், ஒரு நிமிட வீடியோ

தொடக்க நிலை தெரியாமல் முன்னேற்றத்தைக் காட்ட முடியாது. முதல் வகுப்பில் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் பேச மற்றவர் போனில் பதிவு செய்யட்டும். தலைப்பு சுலபமாக இருக்கட்டும்: என் ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் வழி, எனக்குச் செய்யத் தெரிந்த ஒரு வேலை. மொழி அவரவர் விருப்பம்.

ஒரு கண்டிப்பான விதி வேண்டும். அந்த வீடியோ பேசியவருடைய போனில் மட்டுமே இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது, ஆசிரியருக்குக் கூட அனுப்பத் தேவையில்லை. ஒரு மாணவியின் வீடியோ கேலியாகச் சுற்ற ஆரம்பித்தால் அந்த வகுப்பில் அதன்பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், வீட்டில் தெரிந்தால் அந்தப் பெண்ணின் படிப்புக்கே பிரச்சினை வரலாம். வீடியோ வேண்டாம் என்பவர்கள் குரலை மட்டும் பதிவு செய்யட்டும். செமஸ்டர் முடியும்வரை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

படி 4: மொழிச் சிக்கலை முதலிலேயே பிரித்து வையுங்கள்

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். நம் கல்லூரிகளில் மென்திறன் என்றால் ஆங்கிலம், டை, ஷூ, நேர்காணல் என்று ஆகிவிட்டது. ஆங்கிலம் முக்கியம், பிளேஸ்மென்டில் அது இல்லாமல் பல கதவுகள் திறக்காது, அதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. ஆனால் ஒருவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்பது, கருத்தை வரிசைப்படுத்துவது, கோபப்படாமல் மறுப்பது எல்லாம் எந்த மொழியிலும் பழகக்கூடியவை. இரண்டையும் ஒரே நேரத்தில் திணித்தால் தமிழ்வழி மாணவர் வார்த்தையைத் தேடுவதிலேயே நின்றுவிடுவார், கான்வென்டில் படித்தவர் ஏற்கனவே தெரிந்த ஆங்கிலத்துக்கு மார்க் வாங்கிக்கொண்டு புதிதாக எதுவும் கற்காமல் போவார். இரண்டு பேருக்கும் நஷ்டம்.

எனவே முதல் ஐந்து வாரம் பயிற்சிகளைத் தமிழில் நடத்துங்கள், அல்லது எந்த மொழியும் கலக்கலாம் என்று விடுங்கள். ஆறாவது வாரத்திலிருந்து அதே பயிற்சியை ஒரு முறை தமிழிலும் உடனே ஒரு முறை ஆங்கிலத்திலும் செய்யச் சொல்லுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்பது தமிழில் தெளிவாகிவிட்டதால் ஆங்கிலத்தில் வாக்கியத்தை மட்டும் தேடினால் போதும், பயம் பாதியாகக் குறைந்துவிடும். கடைசி நான்கு வாரம் முடிந்தவரை ஆங்கிலத்தில். படி 8இல் சொல்லப்போகிற மதிப்பெண் அட்டவணையில் மொழிக்கு ஐந்தில் ஒரு வரிசைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

படி 5: 100 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

உட்காரவும் வருகைப் பதிவுக்கும் போக 100 நிமிடம் கையில் இருக்கும். முதல் 10 நிமிடம் சூடேற்றும் பயிற்சி, இரண்டிரண்டு பேராக. அடுத்த 15 நிமிடம் நீங்கள் பேசலாம், செய்து காட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு 50 நிமிடம் பயிற்சி. மீதி 25 நிமிடத்தில் நடந்ததைப் பற்றிப் பேசி, கடைசியாக ஐந்து வரி எழுதிவிட்டுப் போக வேண்டும்.

அந்தக் கடைசி 25 நிமிடத்தை வெட்டத் தோன்றும், வெட்டாதீர்கள். அனுபவம் மட்டுமே பாடம் ஆகாது, செய்து பார்த்து, நடந்ததைத் திரும்பிப் பார்த்து, அதிலிருந்து ஒரு கருத்தைப் பிடித்து, அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டும் என்று கல்வி ஆய்வாளர் டேவிட் கோல்ப் 1984இல் ஒரு சுழற்சியாக விளக்கினார். நம் வகுப்புகளில் முதல் கட்டம் மட்டும் நடக்கும், விளையாடிச் சிரித்துவிட்டு மணி அடித்ததும் போய்விடுவார்கள். மூன்று கேள்வி போதும்: என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், அடுத்த முறை எதை மாற்றுவேன்? அதையே நோட்டில் எழுதட்டும், தமிழில் எழுதட்டும். 60 நோட்டையும் வாரா வாரம் படிக்க யாராலும் முடியாது, வாரத்துக்குப் பத்து நோட்டு எடுத்துப் படித்து ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

படி 6: பயிற்சிகள், வாரம் வாரமாக

முதல் இரண்டு வாரம் யாரையும் மேடைக்குக் கூப்பிடாதீர்கள். இரண்டு பேர், பிறகு நான்கு, பிறகு எட்டு, பிறகுதான் வகுப்பு முழுவதும். திக்குவாய் இருக்கிற மாணவர், கூச்சம் அதிகமுள்ளவர், காது சரியாகக் கேட்காதவர் இருந்தால் முதல் வாரமே தனியாகப் பேசி, அவருக்கு எந்த முறை வசதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரக் கெடு கொஞ்சம் தளர்த்தினாலே பலருக்குப் போதும்.

இரண்டு, மூன்றாவது வாரங்களைக் கேட்பதற்கு ஒதுக்குங்கள். மூன்று பேர் குழு. ஒருவர் இரண்டு நிமிடம் தனக்கு நிஜமாகவே இருக்கிற ஒரு சின்னச் சிக்கலைச் சொல்ல வேண்டும், ஹாஸ்டல் ரூமில் சண்டை, புரியாத பேப்பர், எதுவும். கேட்பவர் அறிவுரை சொல்லக் கூடாது, தன் கதையைத் தொடங்கக் கூடாது. முடிந்ததும், ‘நீ சொன்னது இதுதானே’ என்று தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் ‘ஆமாம், அதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை. மூன்றாமவர் பார்வையாளர், எங்கே அறிவுரை நுழைந்தது என்று குறித்துக்கொள்வார். நமக்கு அறிவுரை சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். மூன்று சுற்றில் எல்லாருக்கும் எல்லாப் பாத்திரமும் வந்துவிடும்.

நான்கு, ஐந்தாவது வாரம் தெளிவாகச் சொல்வது. இதற்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பிடமிருந்து தாராளமாகக் கடன் வாங்கலாம். 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு அது, உலகம் முழுவதும் பேச்சுப் பயிற்சிக் கிளப்புகள் நடத்துகிறது, சென்னை, கோவையிலும் உண்டு. அவர்கள் கூட்டத்தில் பார்வையாளர் என்று யாரும் சும்மா இருப்பதில்லை, ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் ‘ஆ… உம்…’ என்று இழுப்பதை எண்ணுவார், ஒருவர் மொழியைக் கவனிப்பார், ஒருவர் பேச்சை மதிப்பிட்டுப் பேசுவார். நம் வகுப்பில் ஆறு பேர் குழுவுக்குள் இதைச் செய்யலாம்: தலைப்பு கொடுத்தவுடன் ஒன்றரை நிமிடம் பேச்சு, உடனே ஒரு நிமிட மதிப்பீடு. பத்துக் குழு ஒரே நேரத்தில் நடக்கும்போது சத்தம் அதிகமாக இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆறாவது வாரம் எழுதுவதும் போனில் பேசுவதும். மாணவர்கள் அனுப்புகிற மெயில்களைப் பார்த்தாலே பாடம் தயார்: தலைப்பு காலி, உள்ளே ஒரு வரி இல்லை, இணைப்பில் பெயரில்லாத ஒரு கோப்பு. தேர்வு மார்க் கூட்டலில் பிழை என்று பேராசிரியருக்கு, இன்டர்ன்ஷிப் கேட்டு ஒரு நிறுவனத்துக்கு, வர முடியாது என்று ஒரு கூட்டத்துக்கு, மூன்று மெயில் கையால், வகுப்பிலேயே எழுதட்டும். சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்குமே என்பார்கள். அதையும் எழுத வைத்து அருகருகே வைத்துப் பாருங்கள், யாருக்கு, எந்த உறவில், என்ன கேட்கிறோம் என்று முடிவு செய்யாமல் எழுதியது எந்த இடத்தில் பொருந்தாமல் நிற்கிறது என்று அவர்களே காட்டுவார்கள்.

ஏழு, எட்டாவது வாரம் குரூப் டிஸ்கஷன். எட்டுப் பேரை முன்னால் உட்கார வைத்து மீதி 52 பேர் வேடிக்கை பார்க்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். 30 பேர் பாட்ச் என்றால் 15, 15 ஆக இரண்டு வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பேர் உள்ளே பேசுவார்கள், வெளியே இருக்கிற ஒவ்வொருவரும் உள்ளே இருக்கிற ஒருவரை மட்டும் கவனிப்பார். கையில் ஒரு தாள், அதில் நான்கு கட்டம்: எத்தனை முறை பேசினார், எத்தனை முறை இடைமறித்தார், முன்னால் பேசியவர் சொன்னதைத் தொட்டு எத்தனை முறை தன் கருத்தைச் சேர்த்தார், அமைதியாக இருப்பவரை எத்தனை முறை உள்ளே இழுத்தார். 12 நிமிடம் விவாதம், ஐந்து நிமிடம் கவனித்தவரும் பேசியவரும் தனியாகப் பேசுவது, பிறகு இடம் மாறுவது. 34 நிமிடத்தில் எல்லாரும் பேசியாயிற்று, எல்லாரும் கவனித்தாயிற்று. சத்தமாகப் பேசுபவர்தான் ஜெயிப்பார் என்ற நினைப்பு அந்த மூன்றாவது, நான்காவது கட்டத்தில் உடையும். தலைப்புகளை அவர்களுக்குத் தெரிந்த உலகத்திலிருந்து எடுங்கள், ஹாஸ்டல் நேரக் கட்டுப்பாடு, வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டுமா, பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. உலக வெப்பமயமாதல் என்று கொடுத்தால் மனப்பாடம்தான் வரும்.

ஒன்பதாவது வாரம் கருத்து வேறுபாடு. மேலாண்மை ஆய்வாளர்கள் கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974இல் வகுத்த ஐந்து வழிகள் இங்கே உதவும்: போட்டி போடுவது, விட்டுக்கொடுப்பது, தவிர்ப்பது, சமரசம், இரண்டு தரப்பும் சேர்ந்து தீர்வு தேடுவது. நம் மாணவர்கள் அதிகம் போவது தவிர்ப்பதற்கு, பேச்சை நிறுத்திவிடுவார்கள், வாட்ஸ்அப்பில் பிளாக் செய்வார்கள். நடித்துப் பார்க்கக் காட்சிகள் கொடுங்கள்: புராஜெக்டில் ஒருவர் வேலையே செய்யவில்லை, சமர்ப்பிக்க இரண்டு நாள்தான் இருக்கிறது. வார்டனிடம் மெஸ் சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும். மேலாளரிடம் வெள்ளிக்கிழமை முடியாது என்று புதன்கிழமை சொல்ல வேண்டும். ஒவ்வொரு காட்சியையும் இரண்டு முறை, வேறு வேறு வழியில். மரியாதையாக மறுக்கிற வாக்கியங்களை எழுதிப் பழகட்டும், ‘சார், நீங்கள் சொல்வது புரிகிறது, எனக்கு ஒரே ஒரு சந்தேகம்’ என்று தொடங்கும் வாக்கியம் கூடப் பலர் வாயில் முதல்முறையாக வரும்.

படி 7: ஐந்து வார நிஜ வேலை

பத்தாவது வாரத்திலிருந்து ஐந்து பேர் குழுவாக ஒரு வேலை. அந்த வேலையை நிஜமாகவே யாரோ பயன்படுத்த வேண்டும், அது முக்கியம், பிபிடி காட்டிவிட்டு மூடி வைப்பதாக இருக்கக் கூடாது. எனக்குப் பிடித்தது முதலாண்டு மாணவர்களுக்கான வழிகாட்டிக் கையேடு: எந்தப் பஸ் எங்கே நிற்கும், ஸ்காலர்ஷிப்புக்கு என்னென்ன சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் எப்படி விண்ணப்பிப்பது, லைப்ரரி கார்டு எங்கே வாங்குவது. அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், எழுத வேண்டும், கெடு உண்டு. நான்கு திறனும் தானாக உள்ளே வந்துவிடும்.

குழுவை நீங்களே பிரியுங்கள். அவர்களிடம் விட்டால் ஒரே ஊர், ஒரே ஹாஸ்டல், ஒரே சாதி, பையன்கள் தனி, பெண்கள் தனி என்றுதான் சேர்வார்கள். கலந்து போட்டால் முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். அழகாக எழுதுகிற பெண்ணையே எப்போதும் எழுத வைப்பது, சத்தமான பையனே தலைவர் ஆவது, இதை உடைக்க வாரா வாரம் பொறுப்பு மாற வேண்டும்: ஒருங்கிணைப்பவர், குறிப்பெடுப்பவர், நேரம் பார்ப்பவர், சரிபார்ப்பவர், வெளியே பேசப் போகிறவர்.

முதல் சந்திப்பில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எப்போது சந்திப்போம், வர முடியாவிட்டால் எப்போது சொல்ல வேண்டும், ஒருவர் வேலை செய்யாவிட்டால் முதலில் என்ன செய்வோம். மூன்றாவது வாரம் எப்படியும் உரசல் வரும். குழு சேர்வது, மோதுவது, விதிகளுக்குப் பழகுவது, பிறகு ஓடுவது என்று உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இலேயே நான்கு கட்டமாகச் சொல்லியிருக்கிறார், அதை முதல் நாளே படம் போட்டுக் காட்டிவிட்டால் மோதல் வரும்போது ‘எங்கள் டீம் மட்டும் மோசம்’ என்று ஓடிவர மாட்டார்கள். வந்தாலும் நீங்கள் பஞ்சாயத்து செய்யாதீர்கள், ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் மற்றவரை மிரட்டுகிறார், அவமானப்படுத்துகிறார் என்றால் மட்டும் உடனே நடுவில் வாருங்கள்.

படி 8: மார்க்

எழுத்துத் தேர்வு வைத்தால் ‘தலைமைப்பண்பின் பத்துக் கூறுகளை விவரி’ என்ற கேள்வி வரும், மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள், பாடம் அங்கேயே செத்துவிடும். நான் சொல்கிற பிரிப்பு இது: வாராந்திர நோட்டுக்கு 20, மூன்று நடிப்புப் பயிற்சிகளுக்கு 30, குழு வேலைக்கு 30, கடைசிச் சோதனைக்கு 20. குழு வேலையில் 15 மார்க் குழுவுக்குப் பொது, 15 தனி நபருக்கு. தனி நபர் மார்க்குக்கு ஒவ்வொருவரும் 100 புள்ளியை மற்ற நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கட்டும். எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு 25, 25 என்று போட்டுவிடுவார்கள் என்பது தெரிந்ததுதான், அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் அவர் செய்த ஒரு வேலையை எழுத வேண்டும் என்று வையுங்கள். எழுத எதுவும் இல்லாத இடம் தானாகத் தெரியும்.

மதிப்பெண் அட்டவணை நான்கு நிலையில், சாதாரண வாக்கியத்தில் இருக்கட்டும். கேட்கும் திறனுக்கு: (1) மற்றவர் பேசும்போது இடைமறிக்கிறார்; (2) இடைமறிக்கவில்லை, ஆனால் கேட்டதற்கு அடையாளம் இல்லை; (3) கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்; (4) கேட்டதை வைத்துக் கேள்வி கேட்டு மேலே கொண்டுபோகிறார். முதல் வாரமே மாணவர் கையில் இதைக் கொடுத்துவிடுங்கள், ரகசியம் எதுவும் வேண்டாம். பல்கலைக்கழகம் எழுத்துத் தேர்வைக் கட்டாயமாக்கியிருந்தால் சூழல் கேள்விகள் கேளுங்கள்: இரண்டு பேர் உரையாடலைக் கொடுத்து எங்கே கேட்பது தவறியது என்று குறிக்கச் சொல்லலாம், ஒரு மெயிலைக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்.

கருத்துச் சொல்லும்போது ‘சூப்பர்’, ‘குட்’ என்று சொல்வதால் பயனில்லை. பார்த்ததைச் சொல்லுங்கள்: ‘முதல் வாக்கியத்திலேயே எதைப் பற்றிப் பேசப்போகிறாய் என்று சொன்னாய், அதனால் பின்தொடர முடிந்தது. மூன்றாவது காரணம் சொல்லும்போது பார்வை தரைக்குப் போய்விட்டது.’ ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம். உச்சரிப்பைக் கூட்டத்தின் நடுவே திருத்தவே கூடாது.

படி 9: தனியாகச் சுமக்காதீர்கள்

இது ஆங்கிலத் துறையின் வேலை மட்டும் என்று இருக்கும்வரை மாணவர்களும் இதை மொழிப் பாடமாகத்தான் பார்ப்பார்கள். முதல் செமஸ்டரில் வணிகவியலிலிருந்தோ இயற்பியலிலிருந்தோ ஒருவரைச் சேர்த்துக்கொண்டு இரண்டு பேராக நடத்துங்கள். வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைக்க நிர்வாகம் பணம் ஒதுக்கினால் அவரைச் சொற்பொழிவுக்கு வைக்காமல் மாதிரி நேர்காணல் எடுப்பவராகப் பதினான்காவது வாரத்தில் பயன்படுத்துங்கள், கூடவே பழைய மாணவர்கள் நான்கைந்து பேர் வந்தால் ஒரே நாளில் பல மேசைகளில் நடத்திவிடலாம்.

துறைகளின் செமினார், புராஜெக்ட் ரிவ்யூ எல்லாவற்றிலும் உங்கள் மதிப்பெண் அட்டவணையில் ஒரு வரிசையாவது இடம்பெறுமா என்று துறைத் தலைவர்களிடம் கேளுங்கள். சம்மதிக்கிற ஒரே ஒரு துறையிலிருந்து தொடங்கினால் போதும். 30 மணி நேரத்தில் பழகியது அடுத்த இரண்டு வருடமும் நாக்கில் இருக்க வேண்டுமென்றால் வேறு வகுப்புகளிலும் அதைக் கேட்க ஆள் வேண்டும்.

படி 10: பதினைந்தாவது வாரம்

முதல் வாரத்து அதே தலைப்பு, அதே ஒரு நிமிடம், இன்னொரு வீடியோ. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, மாறியது எது, மாறாதது எது என்று மாணவரே அரைப்பக்கம் எழுதித் தரட்டும், கடைசிச் சோதனையின் 20 மார்க்கில் பாதி அந்த அரைப்பக்கத்துக்கு. மீதிப் பாதி ஒரு புதிய சூழலை ஐந்து நிமிடம் நடித்துக் காட்டுவதற்கு, சீட்டுக் குலுக்கி.

பிறகு உங்கள் பங்கு. எந்தப் பயிற்சி ஓடியது, எது இழுத்தது, எந்தத் தலைப்பில் விவாதம் சூடு பிடித்தது, எந்தக் காட்சியை மாற்ற வேண்டும் என்று வாரத்துக்கு நான்கு வரி எழுதி, கவனிப்புத் தாள், ஒப்பந்தப் படிவம், மதிப்பெண் அட்டவணை எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் துறையில் வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் இந்த வகுப்பு வேறொருவர் பெயருக்கு நேரே எழுதப்படலாம், அவர் முதல் நாளிலிருந்து தனியாகத் தேடக் கூடாது.